வள்ளியம்மா என்று யாரும் இல்லை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அமிர்தத்தைப் பார்த்து முதன்முதலாகக் கைகூப்பியவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். "நீங்க அந்த சாமை பாக்கெட்டு அம்மாதான? வெள்ளிமலை வள்ளியம்மா?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயதுவரை அமிர்தத்தை யாரும் கும்பிட்டதில்லை. அவள்தான் கண்டவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உச்சி குளிர்ந்துபோய், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். அவர் வீட்டில் தினமும் அவள் விளைத்த சாமையில்தான் கஞ்சியாம், சர்க்கரை கூடக் குறைந்திருக்கிறதாம்.

அவள் தன் வாழ்நாளில் ஒரு பிடி சாமை விதைத்ததில்லை. அவள் பெயர் வள்ளியம்மாவும் இல்லை. வெள்ளிமலைக்கு அவள் அதுவரை ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு.

அமிர்தத்துக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம் காலனி. உள்ளங்கை அகலத்துக்குக்கூட நிலம் கிடையாது. பதினாறு வயதில் கரும்பு வெட்டப் போனாள். கட்டிக்கொண்ட பச்சமுத்துவும் கரும்பு வெட்டுகிறவன்தான். இரண்டு பெண்களைப் பெற்று, பத்தாவது வரை படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தாயிற்று. கரும்புத் தோகை கிழித்த கோடுகள் இன்னமும் அவள் முழங்கைவரைக்கும் இருக்கின்றன. அந்தக் கரும்பில் பாதிக்கு மேல் ஒரே பண்ணையுடையது. அந்தப் பண்ணையாரின் மகன் தீனதயாளன்தான் சென்னையில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து, கள்ளக்குறிச்சி போகிற சாலையில் கொட்டகை போட்டு, 'முகடு' என்ற பெயரில் சிறுதானியக் கம்பெனி ஆரம்பித்தான்.

தீனதயாளனைக் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அவன் அப்பா காலத்தில் கூலி வாங்கப் போனால் வாசலுக்கு வெளியே, புளியமரத்துக்கு அந்தப் பக்கம், தள்ளி நிற்க வேண்டும். மகன் கொட்டகையில் முப்பத்திரண்டு பெண்களுக்கும் உட்கார ஸ்டூல் போட்டான். தனியாகக் கக்கூஸ் கட்டினான். சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே வந்துவிடும். குரலை உயர்த்திப் பேச மாட்டான். அமிர்தம் ஐந்து வருஷமாக அங்கே பாக்கெட் கட்டினாள், வெயிலில் நிற்காத வேலை என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் கட்டியவளின் பெயரெழுதிய சீட்டு ஒன்றைப் போட வேண்டும். எடை குறைந்தாலோ, கல் கிடந்தாலோ, கடைக்காரன் சீட்டைப் படம் பிடித்து அனுப்புவான். பெயருக்குரியவள் அன்றைக்கு ஆபீஸ் ரூமில் நிற்பாள். அமிர்தத்தின் சீட்டு ஐந்து வருஷத்தில் ஒரு தடவைதான் திரும்பி வந்தது, அதையும் அவள் மறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தீனதயாளன் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தான். அமிர்தத்தின் சிரிப்பு பிடித்திருந்தது. கழுத்தில் நாலு சரம் பாசிமணி மாட்டி, கையில் முறத்தைக் கொடுத்து, கோமுகி அணைப் பக்கமாகக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். பின்னால் விளைந்து சாய்ந்திருந்தது நெல். "சார், இது நெல்லுங்க, சாமை இல்லீங்க" என்று அவள் படம் எடுத்தவனிடம் சொல்லத்தான் செய்தாள். "மெட்ராஸ்ல எவனுக்கும்மா தெரியும்?" என்றான் அவன். அந்தப் படம்தான் பாக்கெட்டில் ஏறியது. கீழே எழுத்து: 'கல்வராயன் மலை, வெள்ளிமலை வள்ளியம்மாவின் கொல்லையிலிருந்து உங்கள் வீட்டுக்கு.'

சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. டவுன் பஸ் முதுகிலெல்லாம் அவள் முகம். சென்னையில் ஏதோ வியாபாரச் சங்கம் தீனதயாளனுக்கு 'நேர்மையான தலைமை' என்று பொறித்த கேடயம் கொடுத்தது. அதை ஆபீஸ் ரூமில் நாற்காலிக்கு நேர்மேலே மாட்டினான். எட்டாவது படித்த அமிர்தம் அதை எழுத்துக்கூட்டாமலே படித்துவிட்டு, நம்ம முதலாளி ஆச்சே என்று பெருமைகூடப் பட்டாள்.

பெருமை வாத்தியாரைப் பார்த்த நாளில் குலைந்தது. அன்றைக்கு வேலைக்குத் திரும்பியவள் மூட்டைகளைப் பார்த்தாள். மலையிலிருந்து வருகிற மூட்டை ஒன்று போல ஒன்று இருக்காது. அரை மூட்டை, கால் மூட்டை, சணல் கயிறு, கிழிந்த சேலைத்துணி என்று கையில் அகப்பட்டதால் வாய் கட்டியிருப்பார்கள். லாரியில் வடக்கே இருந்து வருவதெல்லாம் மெஷின் தையல் போட்ட மூட்டை. முதல் வருஷம் கொட்டகை முழுக்கக் கிழிந்த சேலையாகக் கிடந்தது. இப்போது பத்து மூட்டையைப் பிரித்தால் ஒன்றுதான் அப்படி. மற்ற ஒன்பதும் மெஷின் தையல். இத்தனை நாள் கையாலேயே பிரித்துக் கொட்டியவளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அந்த வாத்தியார் கும்பிட்ட கையை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த மாதம் தீனதயாளன் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டான். "வாங்க அமிர்தம்க்கா, உக்காருங்க" என்றான். மற்ற நாளில் வெறும் அமிர்தம்தான். அக்கா வந்தால் காரியம் பெரியது என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் பெரிய கடைக்காரர்கள் முகடு சாமையை வாங்கப்போகிறார்களாம். வாங்கும் முன்னால் சென்னையிலிருக்கும் அவர்கள் ஆள் ஒருத்தி வந்து, வள்ளியம்மாவை அவள் கொல்லையிலேயே பேசவைத்து வீடியோ எடுப்பாளாம்.

"மூணு நிமிஷம்க்கா. என் பேரு வள்ளியம்மா, இது என் கொல்லை, இது நான் வெதச்ச சாமைன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"நான் வெதைக்கலீங்களே சார்."

தீனதயாளன் பெருமூச்சு விட்டான். கோபப்படவில்லை. "இத பாருங்க. நம்ம மாதிரி நாட்லேர்ந்து போற கம்பெனிய வெளிநாட்டுக்காரன் சந்தேகமாத்தான் பாப்பான். லேப் ரிப்போர்ட் காட்டினா நம்ப மாட்டான். கணக்கு காட்டினா நம்ப மாட்டான். ஒரு மலைக்காரம்மா சிரிச்சிக்கினு நின்னா நம்புறான். காலேஜ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான், சரக்க விக்காத, கதைய வில்லுன்னு. இதுல நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"அவன் சந்தேகப்படுறது சரியாத்தான சார் இருக்குது" என்றாள் அமிர்தம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாய் திறந்தது திறந்தாகிவிட்டது, மிச்சத்தையும் கொட்டினாள். "கல்லு கெடந்தா என் பேரு சீட்டுல இருக்குது. அப்போ அமிர்தம். நல்ல பேரு வந்தா மட்டும் வள்ளியம்மாவா? நல்லா இருக்குதே நாயம்."

"முப்பத்திரண்டு பேர் பொழப்பு இது" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "யோசிச்சிக்குங்க." அமிர்தம் எழுந்து வெளியே வந்தாள்.

வீட்டில் பச்சமுத்துவுக்கு இது விளையாட்டாக இருந்தது. "அம்மா வள்ளியம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் கொழம்பு ஊத்து தாயி" என்று தட்டை நீட்டினான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டு வந்துடேன். மூணு வார்த்த. வாயில இருந்து முத்தா கொட்டிடும்? திரும்பக் கரும்பு வெட்ட நம்ம ஒடம்பு தாங்குமா?" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அமிர்தம் விடிய விடியப் புரண்டாள். காலையில் பாசிமணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினாள். எதிர்க்க வேண்டும் என்று முடிவெடுத்து ஒன்றும் அவள் மலையேறவில்லை, மூன்று வரியையும் மனப்பாடம் செய்துகொண்டேதான் ஏறினாள்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சரிவில் வேன் நின்றது. சாமை முற்றித் தலை சாய்ந்து நின்றது. கொல்லை ஆயம்மாளுடையது, ஐம்பது வயது மலைக்காரப் பெண், ஒல்லியாக, வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு இருந்தாள். ஒருநாள் படம் எடுத்துக்கொள்வதற்கு அவளுக்கு ஏதோ கொடுத்திருந்தார்கள். சினிமா என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. கேமராவுக்கு வெயில் படாமல் குடை பிடிக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

சென்னையிலிருந்து வந்தவள் பெயர் இசைவாணி. முப்பது வயதிருக்கும், கால்சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாள். "இவங்கதான் எங்க வள்ளியம்மா" என்று தீனதயாளன் அமிர்தத்தை அறிமுகப்படுத்தினான். "இது முழுக்க இவங்க கொல்லை." குடை பிடித்துக்கொண்டிருந்த ஆயம்மாள் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பாக்கெட் ஒன்றைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இது நீதான?" என்று அமிர்தத்திடம் தணிந்த குரலில் கேட்டாள். "ஏம்மா, நீ நிக்கிற, பின்னால நெல்லு நிக்குது? சாமை பாக்கெட்டுல நெல்லு எதுக்கு?"

அமிர்தம் பாக்கெட்டை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் திணித்தாள். கேமராக்காரன் அவளைப் பாசிமணியை மாட்டச் சொல்லிக் கொல்லை நடுவில் நிறுத்தினான், முறத்தைக் கொடுத்தான். அப்புறம் திரும்பி ஆயம்மாளைப் பார்த்து, "ஏம்மா, உன் நெழலு விழுது. தள்ளிப் போ" என்றான். ஆயம்மாள் இரண்டு அடி தள்ளினாள். "இன்னும் தள்ளும்மா. வரப்புக்கு அந்தாண்ட போய் நில்லு." ஆயம்மாள் வரப்பைத் தாண்டி, கொல்லைக்கு வெளியே, பாறைமேல் போய் நின்றாள். தான் உழுது, விதைத்து, களை எடுத்து, பன்றி மேயாமல் ராத்திரியெல்லாம் காவல் இருந்த கொல்லைக்கு வெளியே, மூடிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமிர்தத்துக்கு அந்த வார்த்தை புதிதில்லை. தள்ளி நில்லு, இன்னும் தள்ளு, மரத்துக்கு அந்தாண்ட போ. பிறந்ததிலிருந்து கேட்டுத் தழும்பேறிய காது அது. ஆனால் அவளுக்கு இடம் விடுவதற்காக இன்னொருத்தியைத் தள்ளி நிற்கச் சொன்னது அன்றைக்குத்தான். அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம்.

"ரெடிம்மா. உங்க பேரு சொல்லுங்க" என்றாள் இசைவாணி.

"அமிர்தம்."

தீனதயாளன் சட்டென்று நிமிர்ந்தான். "கொஞ்சம் பயந்துட்டாங்க. திரும்ப எடுக்கலாம்."

"பயம் இல்லீங்க. என் பேரு அமிர்தம். ஊரு கச்சிராயபாளையம் காலனி. கரும்பு வெட்டிக்கினு இருந்தேன், இப்போ இவரு கொட்டகையில பாக்கெட்டு கட்டுறேன். நல்லாவும் கட்டுறேன், எடை கம்மி வராது. இந்தக் கொல்லை என்னுது இல்ல. அந்தாண்ட பாறை மேல நிக்கிறாங்க பாருங்க, அவங்களுது. பாக்கெட்டுல இருக்கிற சாமையில பத்துக்கு ஒம்போது மூட்டை லாரியில வந்தது. வள்ளியம்மான்னு யாரும் இல்ல." கழுத்திலிருந்த பாசிமணியைக் கழற்றி முறத்தில் போட்டாள். "இத எடுத்துக்குங்க, எனக்கு அரிக்குது."

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. இசைவாணி அதை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் ஆயம்மாளைக் கூப்பிட்டு, "அம்மா, அப்ப நீங்க வந்து பேசுறீங்களா?" என்றாள். ஆயம்மாள் அசையவில்லை.

"என் மூஞ்சி எதுக்கு? எனக்கு வேணாம். என் சாமைய என் சாமைன்னு சொல்லி வில்லுங்க, போதும். எங்கியோ வெளஞ்சதுக்கு எங்க மலை பேர வெக்காதீங்க. எங்ககிட்ட வாங்குறத கொறச்சிக்கினே வர்றீங்க, பேரு மட்டும் ஏறிக்கினே போவுதா?" என்று பாறைமேல் இருந்தபடியே சொன்னாள். ஒரு குடை பிடிக்கிற ஆளிடமிருந்து இவ்வளவு தெளிவான பேச்சை அங்கே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பும்போது வேன் அமிர்தத்தை ஏற்றாமல் போய்விட்டது. ஆயம்மாள் வீட்டில் களி சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கினாள். மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. ஜெர்மனிக்காரர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், கொட்டகையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனது. பக்கத்து வீட்டுச் செந்தமிழ்ச்செல்வி, இத்தனை வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கட்டியவள், தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்: "ஒன் ரோசத்துக்கு எங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" அமிர்தம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஆனால் உள்ளூர்க் கடைகளில் பாக்கெட் விற்றுக்கொண்டேதான் இருந்தது. அவள் வேலை போயிற்று, அவள் முகத்துக்கு வேலை போகவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் வாத்தியாரைத் தேடிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வீடு. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னிக்கு ஆமான்னு சொன்னது பொய்யிங்க. மன்னிச்சிக்குங்க." வாத்தியார் உள்ளே போய்ப் பாதி தீர்ந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து அவள் முகத்தையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "முகத்தைப் பார்த்துத்தாம்மா வாங்கினேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் அவளுக்கு வழி காட்டிவிட்டது. அதன்பிறகு அமிர்தம் கோஷம் போடவில்லை, மனு எழுதவில்லை, கலெக்டர் ஆபீஸ் படி ஏறவில்லை. அவள் பாட்டுக்குத் தெருவில் நடந்தாள். தீனதயாளன் செலவழித்து ஊரெல்லாம் ஒட்டிய முகம் அவள் கழுத்துக்கு மேலே இருந்தது. யாராவது நிறுத்திக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தியாகதுருகம் சந்தையில் ஒரு அம்மாள் செல்ஃபி எடுக்க வந்தாள். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "இதையும் சேத்துப் போடுங்க, நான் சாமை வெதைக்கல, இது மலைச்சாமையும் இல்ல" என்றாள். கள்ளக்குறிச்சி மளிகைக்கடைகளில் ஆள் நின்றால் அவளும் நின்றாள். ஒரு கடைக்காரர், "வேற கடை பாத்துக்கினு போம்மா" என்று விரட்டினார். "போறேன். இந்தப் பாக்கெட்டுல இருக்கிற என்னையும் எடுத்துக் கீழ வெச்சிடுங்க, ரெண்டு பேருமாப் போயிடுறோம்" என்றாள். கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்தக் கடையில் பாக்கெட் இல்லை. பச்சமுத்து முதலில் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கரும்பு வெட்டுகிற இடத்தில் அவனே ஆட்களிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தான், கொஞ்சம் கூட்டியும் சொன்னான்.

தை மாதத்தில் ஒருநாள் கள்ளக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவள் பக்கத்தில் தீனதயாளனின் கார் வந்து நின்றது. அவனே இறங்கி வந்தான். இளைத்திருந்தான். "அமிர்தம்க்கா" என்றான்.

"சொல்லுங்க சார்."

"வேலைக்கு வந்துடுங்க. சூப்பர்வைசரா வாங்க, சம்பளம் ஜாஸ்தி போட்டுத் தரேன். இந்தப் பேச்ச மட்டும் வுட்டுடுங்க. ரெண்டு மாசத்துல இருபது கடைக்காரன் சரக்கத் திருப்பி அனுப்பிட்டான். ஒங்களோட வேல செஞ்சவங்களே நாளைக்கு வூட்ல ஒக்காந்துக்குவாங்க."

அது அவளைக் குத்தாமல் இல்லை. செந்தமிழ்ச்செல்வியின் குழாயடிக் கேள்வி அவளுக்குத் தினமும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தே பேசினாள். அவன் அப்பாவை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"சார், லாரிச் சாமையும் சாமைதான். அதையும் யாரோ பாடுபட்டுத்தான் வெளைச்சான். மலைச்சாமை இவ்ளோ, லாரிச்சாமை இவ்ளோன்னு கவர்ல போடுங்க. என் மூஞ்சிய எடுத்துடுங்க. நாளைக்கே வர்றேன், பழைய சம்பளத்துக்கே கட்டுறேன். கடை கடையாப் போய்க் கூவி வேணாலும் வித்துத் தரேன். பொய் சொல்லாம வித்துப் பாருங்களேன், ஒரு வாட்டி."

"அப்படி வித்தா எவன்க்கா வாங்குவான்?"

"அது எனக்குத் தெரியாது. எம்.பி.ஏ. நீங்கதான படிச்சீங்க."

தீனதயாளனின் முகம் சிவந்தது. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "கவர் ஒரு லட்சம் அச்சடிச்சு வெச்சிருக்கேன். ஒரு லட்சம்! குடோன்ல அடுக்கிக் கெடக்குது. அத்தனையும் கொளுத்தச் சொல்றியா?"

"நான் கொளுத்தச் சொல்லல சார். நீங்க விக்கிறத வில்லுங்க" என்றாள் அமிர்தம். "லட்சம் கவருன்னா நானும் லட்சம் வாட்டி சொல்லணும். சொல்றேன். எனக்கு இன்னா, வாய்தான வலிக்கும்."

கச்சிராயபாளையம் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த பெண் அவளை உற்றுப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள், மறுபடி பார்த்தாள்.

"ஒங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே?"

"பாத்திருப்பீங்க" என்றாள் அமிர்தம், அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு. "நீங்க எந்த ஸ்டாப்ல எறங்கணும்? சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்."